கவுத்துப் பாருங்க, திருப்பிப் பாருங்க: பிரிட்டிஷ் கன்ட்ரி பூட்ஸ், பேண்ட் பத்தி ஒரு நேயர் கேள்வி

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணு மட்டும் மனசுல ஒட்டிக்கிச்சு. முதல்ல அதைப் படிச்சுடறேன். இங்கிலாந்து லெஸ்டர்ல இருக்கற ஒரு நேயர் கேட்டிருக்காங்க: "வெல்ட் தையல், அதாவது ஒரு தோல் பட்டை வழியா சோலைத் தைச்சுச் சேர்க்கறது, அதைப் பத்தி நீங்க போட்ட வீடியோ பார்த்தேன். லீவு நாள்ல பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதிப் பக்கம் நடக்கப் போறோம். ஒரு நல்ல கன்ட்ரி பூட்ஸும், குளிருக்குத் தாங்கற பேண்ட்டும் வாங்கணும். ஆனா ரப்பர் பூட்ஸ் செய்யற ஹன்ட்டர் மாதிரி நூத்தைம்பது வருஷக் கம்பெனியே திவாலாயிடுச்சு. இந்தப் பழைய பிராண்டுகளை இன்னும் நம்பலாமா? எந்த பிராண்ட்னு ஒரே வார்த்தையில சொல்லுங்க."

ஒரே வார்த்தையில சொல்ல முடியாதுங்க. சொன்னா உங்களை ஏமாத்தின மாதிரி ஆயிடும். "எந்த பிராண்ட்"டுங்கறதை விட, "அந்த பிராண்ட்ல எந்தப் பொருள், எப்படிச் செஞ்சது"ன்னு கேட்டிருந்தா எனக்கு இன்னும் சந்தோஷமா இருந்திருக்கும். ஏன்னா ஒரே பேர்ல, ஒரே கடையில, இருபது வருஷம் உழைக்கற பூட்ஸும் இருக்கு, ரெண்டு மழைக்காலம் தாங்காததும் இருக்கு. தொடர்ந்து பார்க்கறவங்களுக்கு நான் என்ன சொல்ல வர்றேன்னு தெரியும். பூட்ஸைக் கவுத்துப் பாருங்க, பேண்ட்டை உள்பக்கம் திருப்பிப் பாருங்க.

ஹன்ட்டரை எடுத்துக்குவோம். 1856-ல ஹென்றி லீ நாரிஸ்னு ஒரு அமெரிக்கர் எடின்பரோவுக்கு வந்து ஆரம்பிச்சது. அப்போ பேரு நார்த் பிரிட்டிஷ் ரப்பர் கம்பெனி. முதல் உலகப் போர்ல பதுங்குகுழியில தண்ணி தேங்கி சிப்பாய்ங்க கால் அழுக ஆரம்பிச்சப்போ, ராணுவத்துக்கு 11,85,036 ஜோடி ரப்பர் பூட்ஸ் செஞ்சு கொடுத்தாங்க. இப்ப எல்லாருக்கும் தெரிஞ்ச பச்சைக் கலர் வெல்லிங்டன், அதாவது உயரமான ரப்பர் பூட்ஸ், 1950-கள் நடுவுல வந்தது. வாங்கினது யாரு? விவசாயிங்க, குதிரை வளர்க்கறவங்க, நாயைக் கூட்டிட்டு வயல்ல நடக்கறவங்க. 2005-ல கிளாஸ்டன்பரி இசை விழாவுல, முழங்கால் அளவு சேத்துல மாடல் கேட் மாஸ் அந்த பூட்ஸைப் போட்டு நடந்த போட்டோ உலகம் பூரா போச்சு. ஆனா அடுத்த வருஷமே, 2006-ல, கம்பெனி கடன்ல மாட்டி திவால் நிர்வாகத்துக்குப் போய் வேற கை மாறுச்சு. 2008-ல ஸ்காட்லாந்து டம்ஃப்ரீஸ்ல நடந்த தயாரிப்பு நின்னு, வெளிநாட்டுக்குப் போச்சு. 2014-ல லண்டன் ஃபேஷன் வீக்ல ஷோ நடத்தினாங்க. 2023 ஜூன்ல மறுபடி திவால். பேரோட உரிமையை அமெரிக்காவோட ஆதென்டிக் பிராண்ட்ஸ் குரூப் வாங்கிடுச்சு.

இது எல்லாத்துக்கும் ஃபேஷன் ஒண்ணுதான் காரணம்னு சொல்ல மாட்டேன். கோவிட், பிரெக்ஸிட், சரக்கு வந்து சேர்றதுல தாமதம், மழை சரியா பெய்யாத சீசன் எல்லாம் சேர்ந்துதான் தள்ளிவிட்டுச்சு. ஆனா அந்தக் கடைசிக் காரணத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. மாட்டுக்கொட்டகையில வேலை பார்க்கறவருக்கு வெயில் அடிச்சாலும் சேறு இருக்கும். பூட்ஸ் கிழிஞ்சா அந்த வாரமே புதுசு வாங்கியாகணும். திருவிழாவுக்குப் போடறவங்க மழை பெஞ்சாதான் வாங்குவாங்க, அதுவும் அந்த வருஷம் அது ஃபேஷனா இருந்தா மட்டும். முதல் கூட்டத்தை விட்டுட்டு ரெண்டாவது கூட்டத்துக்காகக் கம்பெனியையே பெருசாக்கினா, வானிலை மாறினா கணக்கும் மாறிடும்.

இதுல வாங்கறவங்களுக்கு என்ன நஷ்டம்? ஃபேஷனுக்காக விக்கும்போது வெளித்தோற்றம் அப்படியே இருந்தாகணும், ஏன்னா ஜனங்க அந்தத் தோற்றத்துக்குத்தான் காசு கொடுக்கறாங்க. அப்போ செலவை எங்க குறைப்பாங்க? கண்ணுக்குத் தெரியாத இடத்துல. அதனாலதான் நான் திரும்பத் திரும்பச் சொல்றேன், கவுத்துப் பாருங்க.

ரப்பர் பூட்ஸ் விஷயத்தை இங்கயே முடிச்சுடறேன். ஹன்ட்டரோட பழைய முறையில 28 துண்டு. ரப்பரையும் துணியையும் ஒரு அச்சு மேல கையால ஒட்டி, அப்புறம் சூட்டுல வேக வச்சு எடுப்பாங்க. மலிவான வெல்லிங்டன் பிவிசி பிளாஸ்டிக்கை அச்சுக்குள்ள ஒரே தடவையில பீய்ச்சி எடுக்கறது. குளிர்ல பிவிசி விறைக்கும், கணுக்கால்ல மடங்கற இடத்துல சீக்கிரம் வெடிக்கும். இயற்கை ரப்பர் வளையும், ஆனா அது மேல வெள்ளையா மாவு பூத்த மாதிரி வரும். பூசணம்னு நினைச்சுத் தூக்கிப் போட்டுடாதீங்க. ரப்பருக்குள்ள கலந்த பொருட்கள் மேல வர்றதுதான் அது, துடைச்சா போயிடும். ரப்பரைக் கொல்றது வெயிலும் மடிப்பும். கார் டிக்கியில மடக்கிப் போட்டு வைக்காதீங்க, நிக்க வச்சே வைங்க.

இப்ப நீங்க கேட்ட தோல் பூட்ஸுக்கு வர்றேன். இதுல நார்த்தாம்ப்டன்தான் ஊரு. லெஸ்டர்ல இருந்து பக்கம். ட்ரிக்கர்ஸ்னு ஒரு கம்பெனி, 1829-ல ஆரம்பிச்சது. அவங்களோட ஸ்டோ பூட்ஸ் பண்ணைக்காரங்களுக்கும் எஸ்டேட்காரங்களுக்கும்னு வந்த கனமான கன்ட்ரி பூட்ஸ். இதுவும் ஃபேஷன் ஆச்சு. ஜப்பான் டிசைனர் ஜுன்யா வதனாபே மாதிரி ஆளுங்க தேடி வந்து, வேற கலர், வேற தோல் போட்டுக் கேட்டாங்க, செஞ்சும் கொடுத்தாங்க. ஆனா பூட்ஸ் வடிவம் கொடுக்கற அதே அச்சுக்கட்டையில ஏறி, அதே வெல்ட் தையலோடதான் வெளிய வந்தது. மேல கலர் மாறுச்சு, கவுத்துப் பார்த்தா அதே பூட்ஸ். ஃபேஷன் கம்பெனியைத் தேடி வர்றது வேற, கம்பெனி ஃபேஷனைத் துரத்தறது வேற. எனக்கு இந்த வித்தியாசம்தான் முக்கியம்.

சரி, கவுத்துப் பார்த்தா என்ன தெரியணும்? வெல்ட் வீடியோல விரிவா சொல்லியிருக்கேன், இங்க சுருக்கமா. குட்இயர் வெல்ட் முறையில கால் நேரடியா படற இன்சோலுக்கு அடியில ஒரு வரம்பு இருக்கும். அந்த வரம்புல அப்பர் (பாதத்தை மேல மூடற) தோல், லைனிங், வெல்ட்ங்கற தோல் பட்டை மூணையும் சேர்த்து ஒரு தையல். இது வெளிய தெரியாது. அப்புறம் அந்த வெல்ட்டையும் சோலையும் சேர்த்து ரெண்டாவது தையல். இதுதான் ஓரத்துல சுத்தி நீங்க பார்க்கறது. நடுவுல இருக்கற பள்ளத்துல கார்க் நிரப்புவாங்க, உள்ளங்கால் வளைவுல தாங்கறதுக்கு மரம் இல்லன்னா இரும்புல ஒரு பட்டை, ஷாங்க்னு பேரு. சோல் தேஞ்சா ரெண்டாவது தையலை மட்டும் அறுத்துட்டுப் புது சோல் போடலாம், அப்பரைத் தொடவே வேண்டாம்.

போலி எப்படி இருக்கும்னா, சோலை பேஸ்ட் போட்டு ஒட்டிட்டு, மேல வெல்ட் மாதிரி ஒரு பட்டையில அலங்காரத் தையல் போட்டுடுவாங்க. மேல பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான். கண்டுபிடிக்க, மேல வெல்ட்ல ஒரு இன்ச்சுக்குள்ள எத்தனை தையல்னு எண்ணுங்க. கவுத்து, சோல் ஓரத்துல இருக்கற பள்ளத்துல அதே ஒரு இன்ச்ல எண்ணுங்க. ரெண்டும் ஒத்துப் போகணும், ஏன்னா அது ஒரே தையல். அடியில தையலே இல்லன்னா, இல்ல அச்சுல வார்த்த பொய்த் தையல்னா, வச்சுட்டு வந்துடுங்க. தோல் சோல் மட்டும் விதிவிலக்கு, சில சமயம் தையலை ஒரு மடிப்புக்குள்ள மறைச்சிருப்பாங்க. அப்போ கடைக்காரர்கிட்ட, ரீசோல் பண்ணிக் கொடுப்பீங்களா, ஃபேக்டரிக்கே அனுப்புவீங்களான்னு கேளுங்க. அந்தப் பதில்ல விஷயம் தெரிஞ்சுடும்.

கன்ட்ரி பூட்ஸ்ல இன்னும் ஒண்ணு பார்க்கணும், ஸ்டார்ம் வெல்ட். சாதாரண வெல்ட் தட்டையா இருக்கும். இதுல வெல்ட்டோட உள் ஓரம் எழும்பி அப்பரை ஒட்டி நிக்கும், அப்பரும் வெல்ட்டும் சேர்ற இடத்துல தண்ணி இறங்காது. இதுக்கும் மேல வெல்ட்ஷூன்னு ஒரு பழைய முறை. அப்பர் தோலை உள்ள மடக்காம வெளிப்பக்கம் விரிச்சு, சோல் மேலயே படுக்க வச்சுத் தைக்கறது. தண்ணி ஓரத்தோட ஓடிப் போகுமே தவிர உள்ள வர்றதுக்கு வழியே இல்ல. வேலை அதிகம், விலையும் அதிகம், செய்யறவங்களும் ரொம்பக் குறைவு. அடுத்தது லேஸுக்கு அடியில இருக்கற நாக்கு. நாக்கோட ரெண்டு பக்கத்தையும் அப்பரோட சேர்த்துத் தைச்சிருக்காங்களான்னு விரலை விட்டுப் பாருங்க. தைச்சிருந்தா அந்த உயரம் வரைக்கும் தண்ணி நுழையாது. தைக்காம தனியா தொங்கினா முதல் ஓடையிலயே சாக்ஸ் நனையும்.

புரோக் துளைகள், அதாவது தோல்ல அலங்காரத்துக்குப் போடற சின்னத் துளைகள் பத்தி. பார்க்க அழகுதான், எனக்கும் பிடிக்கும். ஆனா ஈரத்துல நடக்கறதுக்கு துளையில்லாத சாதா பூட்ஸ்தான் நல்லது. துளைக்குப் பின்னாடி லைனிங் இருந்தாலும் தண்ணி அங்கதான் முதல்ல ஊறும்.

சோல் எது? டைனைட்னு ஒரு ரப்பர் சோல் கேள்விப்பட்டிருப்பீங்க, லெஸ்டர்ஷயர்லயே மார்க்கெட் ஹார்பரோவுல ஹார்பரோ ரப்பர் கம்பெனி செய்யறது. வட்ட வட்டமா சின்னப் புடைப்பு இருக்கும். சேறு ஒட்டாது, ரோட்டுக்கும் காஞ்ச வயலுக்கும் அருமை. ஈரக் களிமண் சரிவுல வழுக்கும். கமாண்டோ சோல்ல பல்லு ஆழம், சரிவுல பிடிக்கும், ஆனா பாதி வயலை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். தோல் சோல் ஈரப் புல்லுல ஆபத்து, உங்க தேவைக்கு வேண்டாம்.

இன்னொண்ணையும் மனசுல வச்சுக்கங்க. பீக் டிஸ்ட்ரிக்ட்ல கிண்டர் ஸ்கவுட் மாதிரி கரிமண் சதுப்புல நாள் பூரா ஏறி இறங்கப் போறீங்கன்னா, வெல்ட் வச்ச கன்ட்ரி பூட்ஸ் அதுக்கானது இல்ல. மலையேற்ற பூட்ஸ் தனியா வாங்குங்க. கன்ட்ரி பூட்ஸ் பண்ணை வழி, காட்டுப் பாதை, கிராமத்து ரோடு, இதுக்குத்தான். அந்தப் பக்கமே போறீங்கன்னா ஸ்டோனி மிடில்டன்னு ஒரு கிராமம். அங்க வில்லியம் லெனன்னு ஒரு சின்ன ஃபேக்டரி, 1899-ல ஆரம்பிச்சது. அடியில இரும்பு ஆணி அடிச்ச பழைய மாதிரி வேலைக்கார பூட்ஸ் இன்னும் செய்யறாங்க. குவாரித் தொழிலாளிக்கு அன்னைக்குச் செஞ்ச பூட்ஸைப் பார்த்தா, பின்னாடி வந்த கன்ட்ரி பூட்ஸ் எல்லாம் எங்க இருந்து கிளம்புச்சுன்னு புரியும்.

தோல் விஷயத்துல ஒரு எச்சரிக்கை. கண்ணாடி மாதிரி பளபளன்னு, ஒரு சின்னப் புள்ளி கூட இல்லாம இருந்தா சந்தேகப்படுங்க. தழும்பு இருக்கற தோலோட மேல்பரப்பைத் தேய்ச்சு எடுத்துட்டு, மேல பிளாஸ்டிக் பூச்சு போட்டு அச்சடிச்சு விடுவாங்க. மழைத்தண்ணி நிக்காது, உண்மைதான். ஆனா நீங்க போடற க்ரீமும் உள்ள போகாது. விரல் மடங்கற இடத்துல பூச்சு வெடிக்கும், வெடிச்சா சரி பண்ண முடியாது. அந்த மடங்கற இடத்தைக் கட்டைவிரலால அழுத்துங்க. நல்ல தோல்ல மெல்லிசா சுருக்கம் ஓடும், விட்டா மறையும். பூச்சுத் தோல்ல தாள் கசங்கின மாதிரி பெரிய பெரிய மடிப்பா வரும்.

தோல்னதும் ஒரு கிளைக்கதை. முதல் உலகப் போர்ல பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸோட அப்பருக்கு நம்ம சென்னை மாகாணத்துத் தோல் பெரிய அளவுல போச்சு. ஆவாரம்பட்டையில பதப்படுத்தின மாட்டுத்தோல், வியாபாரத்துல ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்னு சொல்வாங்க. இன்னைக்கும் ஆம்பூர், ராணிப்பேட்டையில எத்தனையோ ஐரோப்பிய பிராண்டுகளுக்கு அப்பரும் முழு ஷூவும் தைக்கறாங்க. அதனால "இங்கிலாந்துல செஞ்சதா"ங்கற ஒரே கேள்வியோட நிக்காதீங்க. அந்த முத்திரை இருந்தாலும் அப்பர் வேற நாட்டுல தைச்சதா இருக்கலாம், ஆம்பூர்ல தைச்சது அதை விட நேர்த்தியா இருக்கலாம். எங்க செஞ்சாலும் கவுத்துப் பாருங்க.

அளவு. நீங்க நடக்கும்போது போடப்போற கம்பளி சாக்ஸைக் கடைக்கே எடுத்துட்டுப் போங்க. பிரிட்டிஷ் அளவுல அரை சைஸுக்கும் அடுத்த அரை சைஸுக்கும் வித்தியாசம் இன்ச்ல ஆறுல ஒரு பங்கு, நாலு மில்லிமீட்டர் சொச்சம். பலர் அகலம் பத்தாததுக்கு நீளத்தைக் கூட்டி வாங்கிடறாங்க. அது தப்பு, பெருவிரல் எலும்பு மடங்கற இடமும் பூட்ஸ் மடங்கற இடமும் ஒத்துப் போகாது. அகல ஃபிட்டிங் கேளுங்க. அப்புறம், லேஸைக் கட்டினதும் ரெண்டு பக்கமும் ஒட்டிடக் கூடாது, நடுவுல ஒரு சென்டிமீட்டராவது இடைவெளி இருக்கணும். போகப் போக தோல் விரியும், உள்ள கார்க் அழுந்தும், பூட்ஸ் தளரும். புதுசுலயே ஒட்டிட்டா அப்புறம் இறுக்கறதுக்கு இடமே இருக்காது. குதிகால் லேசா தூக்கினா பயப்படாதீங்க, சோல் வளையப் பழகினதும் குறைஞ்சுடும்.

நனைஞ்சா ஹீட்டர் மேல வைக்கவே வைக்காதீங்க. ஈரத்தோல் காஞ்ச தோலை விடக் குறைஞ்ச சூட்டுலயே சுருங்கும். அப்பர் தப்பிச்சாலும், உள்ள இருக்கற இன்சோல் சுருண்டு வெடிக்கும், அது வெடிச்சா ரீசோல் கதையும் முடிஞ்சது. நியூஸ்பேப்பரைச் சுருட்டித் திணிங்க, ஒரு மணி நேரத்துல எடுத்து மாத்துங்க. பூட்ஸைப் பக்கவாட்டுல படுக்க வச்சு சோலுக்கும் காத்து படற மாதிரி விடுங்க. முழுசா காஞ்ச பிறகுதான் க்ரீம்.

யார் கையில இருக்கு கம்பெனிங்கறதும் உங்க கேள்வியில இருக்கு. 1873-ல ஆரம்பிச்ச சர்ச்சஸ் ஷூ கம்பெனி 1999-ல இத்தாலி ஃபேஷன் கம்பெனி பிராடா கைக்குப் போச்சு. சர்ச்சஸ்கிட்ட இருந்த சீனிங்கற இன்னொரு ஷூ கம்பெனியை 2009-ல சர்ச் குடும்பத்துலயே ரெண்டு பேர் வாங்கி, டெஸ்பரோவுல நடத்தறாங்க. மழைக்கோட்டுக்குப் பேர் போன பர்பரி இன்னும் மேல மேலன்னு ஆடம்பரமா போகப் பார்த்து, 2024-ல பங்கு விழுந்து, லண்டன் பங்குச் சந்தையோட நூறு பெரிய கம்பெனிகள் இருக்கற எஃப்டிஎஸ்இ 100 பட்டியல்ல இருந்தே வெளிய வந்துச்சு. அதே வருஷம் தலைமை மாறினதும் அவங்க திரும்பிப் போனது எதுக்குன்னு பாருங்க, மழைக்கோட்டுக்கும் ஸ்கார்ஃபுக்கும். பார்பர்ங்கற கோட்டுக் கம்பெனியில மெழுகு பூசின கோட்டுங்க இன்னும் சவுத் ஷீல்ட்ஸ்ல தைக்கறாங்க, பழசைக் கொடுத்தா மறுபடி மெழுகு போட்டும் கொடுக்கறாங்க. அதே பேர்ல டி-ஷர்ட்டும் விக்கறாங்க. ஒரே பேர், ரெண்டு விதமான பொருள்.

இனி பேண்ட். யாருமே இதைக் கேக்கறதில்ல, நீங்க கேட்டதுக்கு நன்றி. யார்க்‌ஷயர்ல ஹெப்டன் பிரிட்ஜ்னு ஒரு ஊரு, அதுக்கு ட்ரவுசர் டவுன்னே பட்டப்பேரு. கார்டுராய், மோல்ஸ்கின் மாதிரி கனமான பருத்தித் துணியில வேலைக்காரங்களுக்கு பேண்ட் தைச்சுத் தள்ளின ஊரு. பக்கத்துல டாட்மோர்டன்ல பிரிஸ்பேன் மாஸ் இன்னும் அந்தத் துணியை விக்கறாங்க.

மோல்ஸ்கின்ல ஊடை நூலை ரொம்ப நெருக்கமா அடிச்சு, மேல் பக்கத்தைச் சுரண்டி மெத்துன்னு ஆக்குவாங்க. சதுர மீட்டருக்கு 400 கிராம் பக்கம் இருக்கும். காத்து புகாது, முள்ளு கிழிக்காது. குறை என்னன்னா, பருத்திங்கறதால நனைஞ்சா கனக்கும், காய நாளாகும். மழை உறுதின்னா கம்பளி ட்வீட்தான். அதுவும் முழங்காலுக்குக் கீழ முடியற பிரீக்ஸ் வெறும் அழகுக்கு வந்தது இல்ல. ஈரப் புல்லு கம்பளி சாக்ஸ்லதான் உரசும். சாக்ஸை மாத்திக்கலாம், பேண்ட் காஞ்சே இருக்கும். இதுல பிளஸ் டூங்கற வெட்டுன்னா முழங்காலுக்குக் கீழ ரெண்டு இன்ச் துணி தொங்கும், பிளஸ் ஃபோர்னா நாலு இன்ச்.

கார்டுராய்க்கு ஒரு இன்ச்ல எத்தனை வரின்னு எண்ணுங்க. எட்டு வரி கன்ட்ரி பேண்ட்டுக்கு, பதினாலுக்கு மேல போனா மெல்லிசு, ஆபீஸுக்கு. முழங்கால்லயும் உக்கார்ற இடத்துலயும் வரி உதிர்ந்து வழுக்கையாகுதே, அது நெசவுல இருக்கற விஷயம். மேல நிக்கற குஞ்ச நூல் ஒரே ஒரு பாவு நூலுக்கு அடியில மட்டும் வளைஞ்சு வந்தா சுலபமா பிடுங்கிட்டு வரும். மூணு பாவு நூல்ல மேலயும் கீழயும் பின்னி வந்தா நிக்கும். கடையில நகத்தால வரியைச் சுரண்டிப் பாருங்க, தூசி மாதிரி உதிர்ந்தா வேண்டாம்.

இப்ப திருப்பிப் பாருங்க. முதல்ல பாக்கெட் துணி. சாவி போட்டுப் போட்டு முதல்ல ஓட்டையாகறது அதுதான். நல்ல பேண்ட்ல கெட்டியான பருத்தி, ஃபேஷனைத் துரத்தற பேண்ட்ல வெளிச்சம் தெரியற பாலியெஸ்டர் கலப்பு. அடுத்து பின்பக்க நடுத்தையல். அங்க ஒரு இன்ச்சுக்கு மேல உபரித் துணி விட்டிருந்தா, இடுப்பு பெருத்தாலும் டெய்லர் பிரிச்சுத் தருவாரு. ஓவர்லாக் அடிச்சு ஒட்ட வெட்டியிருந்தா அவ்வளவுதான். கீழ மடிப்புலயும் ரெண்டு இன்ச் இருக்கணும். லேபிள்ல எலாஸ்டேன், அதாவது ரப்பர் மாதிரி இழுபடற நூல், ரெண்டு சதவீதம்னு இருந்தா, போட்டதும் சொகுசா இருக்கும். சூடான தண்ணியில துவைக்கத் துவைக்க அந்த நூல் செத்து, முழங்கால் பையாத் தொங்கும்.

உயரமும் பாருங்க. பழைய கன்ட்ரி பேண்ட் தொப்புள் பக்கம் வரைக்கும் ஏறும், பின்னாடி இன்னும் உயரம், சஸ்பெண்டர் மாட்ட உள்ள பட்டன் இருக்கும். வேலி தாண்ட காலைத் தூக்கினா தொடைத் தையல் இழுபடாது, குனிஞ்சா முதுகுல குளிர் அடிக்காது. ஃபேஷனுக்காக இடுப்பைக் கீழ இறக்கினாங்க, பேரு அதேதான், துணியும் அதேதான், ஆனா வேலி தாண்டும்போது கிழியும். 1839-ல ஆரம்பிச்சு, இப்ப லண்டன் பிக்காடில்லியில இருக்கற கார்டிங்ஸ் கடை இந்த உயரமான வெட்டை விடாம வச்சிருக்கு. அந்தக் கடை தள்ளாடினப்போ, 2003-ல அதோட வாடிக்கையாளரா இருந்த கிடார் கலைஞர் எரிக் கிளாப்டனே பாதிப் பங்கு வாங்கிக் காப்பாத்தினாரு.

வாங்கின உடனே நீளம் வெட்டிடாதீங்க. மோல்ஸ்கினும் கார்டுராயும் முதல் துவைப்புல சுருங்கும். உள்பக்கம் திருப்பி, ஜிப்பை மூடி, 30 டிகிரியில துவைங்க. மெஷின்ல சுத்திக் காய வைக்காம, உதறி, கால் மடிப்புல பிடிச்சுத் தலைகீழா தொங்க விடுங்க. லேசா ஈரம் இருக்கும்போதே பிரஷ்ஷால வரிப்போக்குல தடவி விடுங்க. அயர்ன் உள்பக்கத்துல மட்டும், அடியில ஒரு துண்டை விரிச்சு. அதுக்கப்புறம் அந்த பூட்ஸையே போட்டு நின்னு, நீளத்தைக் குறிச்சு டெய்லர்கிட்ட கொடுங்க. அடுத்த கேள்விக்குப் போவோம்.